தருமபுரியில் விற்கும் ‘சைக்காலஜி ப்ராஜெக்ட் செட்’: 450 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

ஜனவரி பிறந்துவிட்டால் தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ், டி.டி.பி. கடைகளில் ஒரு சரக்கு சூடாக விற்கும். எம்.எஸ்சி. உளவியல், எம்.எஸ்.டபிள்யூ., எம்.எட்., நர்சிங் மாணவர்களுக்கான ‘ப்ராஜெக்ட் செட்’. அதில் ஒன்றைத்தான் இங்கே பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்க்கிறோம். கடைப் பெயர் வேண்டாம். அட்டை மட்டும் மாறி இதே சரக்கு பல கடைகளில் கிடைப்பதால், பெயர் சொல்லியும் பயனில்லை.

விலை 450 ரூபாய். ஸ்பைரல் போட்ட 22 பக்கமும் வேர்டு ஃபைலும் தருகிறார்கள். ஒரு பக்க ஒப்புதல் படிவம், தன்விவரத் தாள், மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9, ரோசன்பர்க் தன்மதிப்பு அளவுகோல், திருமண ஒத்திசைவு வினாப்பட்டியல், ‘பரிசோதனைப் பகுதி’ என்று இரண்டு சோதனைகளுக்கான வசனத் தாள், கடைசியில், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடித ‘மாதிரி’. மேற்கொண்டு 1,500 கொடுத்தால் நிரப்பிய படிவங்களைக் கடையிலேயே எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிவர மென்பொருளில் ஏற்றி அட்டவணை போட்டுத் தருவார்கள்.

அச்சும் பைண்டிங்கும் சுத்தம். பி.எச்.க்யூ-9, ரோசன்பர்க் இரண்டையும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்பதால் அந்தப் பக்கங்களில் திருட்டுப் பிரச்சினையும் இல்லை. ஃபைல் பாமினி எழுத்துருவில் இருப்பது ஒரு தலைவலி. போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத்தான் தெரியும்; யூனிகோடுக்கு மாற்றினால் ‘ஷ’, ‘ஸ்ரீ’ இருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். இதெல்லாம் அரை மணி நேர வேலை. விஷயம் முதல் பக்கத்தில் இருக்கிறது.

அந்த ஒப்புதல் படிவம் ஆபரேஷனுக்கு முன் மருத்துவமனையில் கையெழுத்து வாங்கும் தாளிலிருந்து எடுத்தது. ‘அறுவை சிகிச்சை’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘ஆய்வு’ என்று மாற்றியவர்கள் ஆறாவது வரியில் ஒன்றை விட்டுவிட்டார்கள். “மயக்க மருந்தால் ஏற்படும் விளைவுகள் எனக்கு எடுத்துரைக்கப்பட்டன” என்று அப்படியே நிற்கிறது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கடைசி வரிக்குச் சிரிப்பு வராது: “இதனால் ஏற்படும் எந்த விளைவுக்கும் நானே பொறுப்பு, ஆய்வாளரோ கல்லூரியோ பொறுப்பல்ல.” மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்விலும் இப்படியொரு வரி இருக்கக்கூடாது. பங்கேற்பவரின் சட்ட உரிமையை அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளும் ஒப்புதலை எந்த நெறிமுறைக் குழுவும் ஏற்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 தேசிய நெறிமுறைகளின்படி ஒப்புதல் என்பது இரண்டு பாகம். பங்கேற்பவர் கையிலேயே விட்டுவரும் தகவல் தாள் ஒன்று, கையெழுத்துப் போடும் படிவம் ஒன்று. கையெழுத்தான படிவத்தின் நகலும் அவருக்குச் சேரவேண்டும். செட்டில் தகவல் தாளே கிடையாது. கையெழுத்துக்குக் கோடு இருக்கிறது. எதற்குக் கையெழுத்து என்பதற்கு இடமில்லை.

தகவல் தாளைப் புதிதாக எழுதும்போது இந்த மாவட்டத்துக்கென்று ஒரு கவனம் தேவை. ‘ஆய்வு’ என்ற சொல்லைப் பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ ஒரு வீட்டு வாசலில் சொன்னால், கலெக்டர் ஆய்வு, அதிகாரி ஆய்வு என்றுதான் காதில் விழும். மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமே 2023 ஜூலையில் இந்த மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கியது. பேனாவும் படிவமுமாக வருகிறவர்கள் ஏதோ திட்டத்துக்குப் பெயர் சேர்க்க வந்தவர்கள் என்று நினைத்துப் போடும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. முதல் வரியே இப்படி இருக்கட்டும்: “இது காலேஜ் படிப்புக்காகச் செய்யறது. அரசாங்கத் திட்டம் இல்லை. ரேஷன் கார்டு, வீடு, உரிமைத் தொகை எதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. வேண்டாம்னு சொன்னா எதுவும் நின்னு போகாது.” பேச்சுத் தமிழில் எழுதினால் வைவாவில் மார்க் குறையும் என்று பயப்படுகிறவர்கள், வீட்டில் வாசித்துக் காட்டவாவது இந்த வடிவத்தைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து எவ்வளவு நேரம் ஆகும், எந்த மாதிரிக் கேள்விகள், எந்தக் கேள்வி மனதை வருத்தலாம், விடை யார் கண்ணில் படும், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், பாதியில் விலகினால் கொடுத்த விடை என்ன ஆகும், பிரச்சினை என்றால் யாரைக் கேட்பது. இதற்கு இரண்டு பக்கம் போதும். எழுத்து 14 புள்ளி. செட்டில் ஒப்புதல் படிவத்தை ஒரே பக்கத்தில் அடைப்பதற்காக 9 புள்ளியில் போட்டிருக்கிறார்கள், கண்ணாடி போட்டவர்களுக்கே திண்டாட்டம். இரண்டு பக்கத்தை நிறுத்தி வாசிக்க ஏழெட்டு நிமிடம் ஆகும். முப்பது பேரை ஒரே மதியத்தில் முடித்துவிடலாம் என்று போட்ட கணக்கு இங்கேதான் உடையும்.

வாசித்து முடித்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள். “பாதியில நிறுத்திக்கணும்னு தோணுச்சுன்னா என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். “உங்களைத்தான் கேக்கணும்” என்றோ “தலைவியம்மா சொல்லணும்” என்றோ பதில் வந்தால் மறுபடி முதலிலிருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், படிக்கத் தெரிந்த, ஆய்வோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு சாட்சி வாசிப்பு முழுவதும் உடன் இருந்து கையெழுத்திட வேண்டும். கூட வந்த வகுப்புத் தோழர் அந்தச் சாட்சி ஆகமாட்டார். செட்டில் சாட்சிக்குக் கோடே இல்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் இதோடு இன்னொன்றும் சேரும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரங்களில் வீட்டுப் பேச்சு தெலுங்கும் கன்னடமுமாக இருக்கும் குடும்பங்கள் ஏராளம். தமிழ் பேசுவார்கள், தமிழ் வாசிப்பது வேறு கதை. ஓசூர் சிப்காட் தொழிலாளர்களிடம் போனால் இந்தியும் ஒடியாவும் வேண்டும். கூகுள் மொழிபெயர்ப்பை அப்படியே அச்சடிக்காமல், ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்பத் தமிழாக்க, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய முறையே நல்லது. ‘மனச்சோர்வு’ என்ற சொல் எங்கே வெறும் ‘உடம்பு அசதி’ ஆகிப்போனது என்பது அப்போதுதான் தெரியவரும்.

தன்விவரத் தாள் செட்டின் அடுத்த ஓட்டை. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், சாதி, ஊராட்சி, வயது, தொழில், வருமானம், போன் நம்பர் எல்லாம் ஒரே தாளில், அதையும் பி.எச்.க்யூ-9ஐயும் ஒரே ஸ்டேப்ளர் பின்னில் சேர்த்துக் குத்தியிருக்கிறது. தாளின் தலையிலோ ‘உங்கள் விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும்’ என்ற வாக்குறுதி. தன்விவரத் தாளிலும் வினாத்தாளிலும் குறியீட்டு எண் மட்டுமே இருக்கவேண்டும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் தனித்தாளில், தனிப்பூட்டில். போன் நம்பர் எதற்கு? மறுமுறை அழைக்கும் திட்டம் இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பெயரை எடுத்துவிட்டால் ரகசியம் காப்பாற்றப்பட்டது என்றும் ஆகாது. ஐந்நூறு வீடுள்ள ஊராட்சியில் ‘22 வயது, பெண், இன்ன சாதி, சாதி மறுப்புத் திருமணம், நர்ஸ்’ என்று ஆய்வேட்டில் எழுதினால் ஊரே பெயரைச் சொல்லிவிடும். நாயக்கன்கொட்டாய் பக்கம் 2012 நவம்பரில் ஒரு காதல் திருமணத்தை வைத்து மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டதைப் பார்த்த மாவட்டம் இது. இப்படிப்பட்ட தலைப்புகளில் ஊராட்சிக்குப் பதிலாக வட்டம், வயதுக்குப் பதிலாக ‘20-25’, தொழிலுக்குப் பதிலாக ‘மாதச் சம்பள வேலை’ என்று எழுதுங்கள். புள்ளிவிவரத்தில் கொஞ்சம் துல்லியம் போகும், போகட்டும்.

இனி பி.எச்.க்யூ-9. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்கவேண்டிய மனச்சோர்வு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஒன்பதாவது கேள்வி, இறந்துபோனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. செட் சொல்லும் முறை: படிவங்களைச் சேர்த்து, கட்டிக் கடையில் கொடு, மூன்று வாரத்தில் அட்டவணை வாங்கிக்கொள். அந்த ஒன்பதாவது கட்டத்தில் 3 போட்ட ஒரு மாணவியின் தாள் மூன்று வாரம் கடை மூலையில் கிடக்கும். பிறகு டேட்டா ஏற்றுகிற பையன் அதை ஓர் எண்ணாகத் தட்டுவான். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மொத்தம் பத்தைத் தாண்டியவர்களை மட்டும் பிரித்தெடுத்தாலும் தப்பும். மொத்தம் நான்கு வந்தவரின் ஒன்பதாவது விடை 3ஆக இருக்கலாம்.

செய்யவேண்டியது சிரமமில்லை. படிவத்தை வாங்கும்போதே, அவர் எழுந்து போவதற்குள், ஒன்பதாவது வரியைப் பாருங்கள். பூஜ்யம் தவிர எது இருந்தாலும் தனியாக உட்காரவைத்துப் பேச ஆள் இருக்கவேண்டும். கைடுக்கு உடனே போன் போகவேண்டும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அரசின் மனநல உதவி அழைப்புச் சேவையான டெலி-மனஸின் எண் 14416. இலவசம், 24 மணி நேரம், தமிழிலும் பேசலாம். இதைத் தகவல் தாளின் அடியில் எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுங்கள். இப்படிப் பார்க்கப்போவதை முன்பே சொல்லிவிடவும் வேண்டும். பெயரே இல்லாத படிவம் என்று சொல்லிவிட்டு ஆளைத் தேடிப் போனால் அது இன்னொரு ஏமாற்று. இந்த ஏற்பாடெல்லாம் முடியாதென்றால் அந்தக் கேள்வியை விட்டு எட்டுக் கேள்விகள் உள்ள பி.எச்.க்யூ-8 இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம்.

ரகசியம் என்ற வாக்குறுதிக்குச் சட்டத்திலும் ஓர் எல்லை உண்டு. செட்டில் உள்ள திருமண ஒத்திசைவு வினாப்பட்டியலில் வயது வரம்பு இல்லை. 17 வயதில் திருமணமான பெண்ணிடம் தாம்பத்தியம் பற்றிக் கேட்டு விடை வாங்கினால் என்ன ஆகும்? 18 நிறையாத மனைவியுடனான உடலுறவும் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்துவிட்டது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் தகவல் தரவேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. தராவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை. ‘யாரிடமும் சொல்லமாட்டோம்’ என்று அச்சடித்த படிவம், ஒன்று அந்தப் பெண்ணை ஏமாற்றும், இல்லை மாணவரைச் சட்டத்தில் மாட்டவைக்கும். ‘18 வயதுக்குக் கீழுள்ள ஒருவருக்குத் தீங்கு நடப்பதாகத் தெரிந்தால் மட்டும் சொல்லவேண்டியிருக்கும்’ என்ற வரியைக் கேள்வி தொடங்குவதற்கு முன் வாசித்துக் காட்டவேண்டும். கேட்டுவிட்டுச் சொல்வது மோசடி.

பள்ளிப் பிள்ளைகளிடம் போகிறவர்களுக்கு: பெற்றோர் ஒப்புதல் போதாது. ஏழு வயதுக்கு மேல் பன்னிரண்டு வரை பிள்ளையின் வாய்மொழி இசைவு, பன்னிரண்டுக்கு மேல் பதினெட்டு வரை எழுத்து இசைவு தனியாக வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். முறை. தலைமையாசிரியர் தந்த அனுமதி கேட்டைத் திறக்க மட்டும்தான். மகளிர் குழுத் தலைவி, கம்பெனி எச்.ஆர்., விடுதி வார்டன் எல்லோருக்கும் இதே கணக்கு. வகுப்பாசிரியர் நின்று படிவம் சேகரித்தால் மறுக்கிற பிள்ளை இருக்காது. எல்லோரும் ஒரே மாதிரிக் கவரில் போட்டு ஒட்டி, வெற்றுத் தாளாக இருந்தாலும் பெட்டியில் போடட்டும்; யார் எழுதவில்லை என்பது தெரியாமல் போகும்.

இப்போது ‘பரிசோதனைப் பகுதி’. உள்ளதிலேயே மோசமான பக்கங்கள் இவைதான்.

முதலாவது ‘கீழ்ப்படிதல் சோதனை’. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியதன் வகுப்பறைப் பிரதி. மூலத்தில் பங்கேற்றவர்களுக்கு நினைவாற்றல் ஆய்வு என்று சொல்லி, 4 டாலரும் பயணச் செலவுக்கு 50 சென்ட்டும் கொடுத்தார்கள். தப்பாகச் சொல்பவருக்கு 15 முதல் 450 வோல்ட் வரை 30 பொத்தான்களில் மின்னதிர்ச்சி தரச் சொன்னார்கள். அதிர்ச்சி பொய், அலறல் நடிப்பு. 1963இல் வெளியான முதல் கட்டுரையில் 40 பேரில் 26 பேர் கடைசிப் பொத்தான் வரை போனார்கள். வியர்த்து, நடுங்கி, நகத்தைத் தங்கள் சதையில் அழுத்தியபடி போனார்கள். பங்கேற்றவர்களை இப்படி நடத்தலாமா என்று உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1964இலேயே அச்சில் கேட்டுவிட்டார்.

செட்டின் முதல் பக்கம் ‘எப்போது வேண்டுமானாலும் விலகலாம்’ என்கிறது. பதினான்காம் பக்கத்தில், தயங்குகிறவரிடம் சொல்லவேண்டிய வசனம்: “உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்துதான் ஆகவேண்டும்.” மில்கிராமின் நான்காவது தூண்டல் வசனம் அது, தமிழில். ஒரே ஸ்பைரலுக்குள் இரண்டும் இருக்கமுடியாது. 2009இல் வெளியான ஆய்வில் உளவியலாளர் ஜெர்ரி பர்கர் இதைத் திரும்பச் செய்தபோது 150 வோல்ட்டோடு நிறுத்தினார். அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் மூலத்தில் கடைசி வரை போனதால், அதற்கு மேல் யாரையும் வதைக்கத் தேவையில்லை என்பது காரணம். ஆட்களை இரண்டு கட்டமாக வடிகட்டினார், இரண்டாவது கட்டம் மருத்துவ உளவியலாளரின் நேர்காணல். விலகினாலும் 50 டாலர் உங்களுக்கே என்று மூன்று முறை சொன்னார். சோதனையை நடத்தியவரும் மருத்துவ உளவியலாளர். தேவைப்பட்டால் அந்த நொடியே நிறுத்த. முடிந்த சில நொடிகளில் அதிர்ச்சி பொய் என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை ஏற்பாடும் ஒரு முதுகலை மாணவரால் ஆகாது. அந்த மூன்று பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

இரண்டாவது பார்க்கச் சாதுவாக இருக்கும், அதனால்தான் அதிகம் பேர் எடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒரு சின்னத் தேர்வு வைத்து, பாதிப் பேரிடம் “உன் மார்க் ரொம்பக் கம்மி” என்று பொய் சொல்லி, ரோசன்பர்க் அளவுகோலால் தன்மதிப்பை அளப்பது. முடிந்ததும் ‘உண்மையைச் சொல்லிவிடவும்’ என்று ஒரே வரி. சொன்னால் சரியாகிவிடுமா? உளவியலாளர் லீ ராஸும் உடன் பணியாற்றியவர்களும் 1975இல் இதையே சோதித்தார்கள். உண்மையான தற்கொலைக் கடிதம் எது, போலி எது என்று பிரிக்கச் சொல்லி, விடையைப் பார்க்காமலே சிலரிடம் 25இல் 24 சரி என்றும் சிலரிடம் 10தான் சரி என்றும் சொன்னார்கள். பிறகு அந்த மார்க் பொய் என்று விளக்கியும், ‘எனக்கு இது வராது’ என்ற எண்ணம் பலரிடம் ஒட்டிக்கொண்டே இருந்தது. மார்க் பொய் என்பதோடு நிறுத்தாமல், பொய்யான மார்க் கேட்டால் மனது அதற்குத் தானே காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும், அந்தக் காரணம் மார்க் போன பிறகும் தங்கும் என்று அந்த வழியையே விளக்கியபோதுதான் பெரும்பாலும் விலகியது. செட்டின் ஒற்றை வரி விளக்கம் எதையும் கழுவாது. 1939இல் அமெரிக்காவின் அயோவாவில் வெண்டெல் ஜான்சனின் மேற்பார்வையில் 22 அநாதைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், நன்றாகப் பேசிய பிள்ளைகளிடமே உனக்குத் திக்குகிறது என்று சொன்னார்கள். அதற்கு 2007இல் அந்த மாநிலம் ஆறு பேர் தரப்புக்கு 9,25,000 டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு பிள்ளையிடம் இந்தப் பொய்யைச் சொல்ல ஆய்வேட்டின் அட்டவணை எண் 4.3 ஒரு காரணமாகாது.

கடைசிப் பக்கத்து ‘அனுமதிக் கடித மாதிரி’ தேதியும் தலைப்பும் காலியாக வருகிறது. கீழே நான்கு கையெழுத்துக் கோடு, நான்கும் ஒரே துறை, தலைவர் இடத்தில் ‘வழிகாட்டி’. ஐ.சி.எம்.ஆர். சொல்லும் குழுவில் 7 முதல் 15 பேர், கோரம், அதாவது கூட்டம் நடக்க வரவேண்டியவர்கள், குறைந்தது 5. தலைவர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து. சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், சாதாரணப் பொதுஜனம் ஒருவர் கண்டிப்பாக. கல்லூரியில் குழு இல்லாவிட்டால் வேறு நிறுவனத்தின் குழுவோடு எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஆபத்து மிகக் குறைந்த கேள்வித்தாள் ஆய்வுகளுக்கு விரைவுப் பரிசீலனையும் உண்டு. எதுவானாலும் முதல் ஆளிடம் முதல் கேள்வி கேட்பதற்கு முன் கடிதம் கையில் இருக்கவேண்டும். டேட்டா எடுத்த பிறகு அனுமதி என்பதே கிடையாது. இந்த மாதிரியை நிரப்பிச் சேர்ப்பது போலி ஆவணம்.

நம் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை; ஒன்று அச்சுக்கு, அரை ரோசன்பர்க் பக்கம் பிழையில்லாமல் இருப்பதற்கு. 450 கொடுத்து முழு செட் வாங்குவதைவிட, தகவல் தாளையும் படிவத்தையும் நீங்களே எழுதி ஜெராக்ஸுக்கும் ஸ்பைரலுக்கும் மட்டும் அதே கடைக்குப் போகலாம். அந்த வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. 1,500 ரூபாய் டேட்டா ஏற்றும் சேவை வேண்டவே வேண்டாம். ஜமோவி என்ற இலவச மென்பொருளில் நூறு பேர் விடையை இரண்டு மாலையில் ஏற்றிவிடலாம். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலைக் கடைக்கே கொண்டுபோகாதீர்கள். நிரப்பிய தாளை ஸ்கேன் செய்யக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பக்கத்திலேயே நில்லுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் உங்கள் ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, வாட்ஸ்ஆப் வெப்பிலிருந்து வெளியேறிய பிறகு காசைக் கொடுங்கள்.